ரத்த அழுத்தம்: பெண்ணின் கணக்கு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான ரத்த அழுத்தம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். உப்பைக் குறைப்பது, நாள்தோறும் நடப்பது, மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாமலிருப்பது என்று அதில் சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை சரியானவையே, எளிமையாகவும் எழுதப்பட்டிருந்தன. ஆனால் நடுவே இருந்த ஒரு வாக்கியமும், பக்கத்திலேயே கட்டம் கட்டி அச்சிட்டிருந்த ஓர் அட்டவணையும் என்னை உறுத்தின. மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு ஹார்மோனே கவசமாக இருப்பதால் அதுவரை அவர்கள் ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது அந்த வாக்கியத்தின் பொருள். அட்டவணையோ வயதுவாரியான அளவுகளை ஆண், பெண் என்ற பிரிவே இல்லாமல் தந்திருந்தது. பெண்ணுடல் முற்றிலும் வேறு என்கிறது ஒன்று. வேறுபாடே இல்லை என்கிறது மற்றொன்று. மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், இவ்விரண்டும் வாசகர்களை எங்கே தவறான பக்கம் அழைத்துச் செல்கின்றன என்பதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

ரத்த அழுத்தம் ஒரு பெருக்கல் விடை. இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் ரத்தத்தின் அளவை, அந்த ரத்தத்துக்குச் சிறு தமனிகள் காட்டும் எதிர்ப்பால் பெருக்கினால் கிடைப்பதுதான் சராசரி அழுத்தம். ஆறு நான்கு இருபத்து நான்கு. எட்டு மூன்றும் இருபத்து நான்குதான். கையில் பட்டையைச் சுற்றி அளக்கும் கருவி விடையை மட்டுமே காட்டும்; எந்த இரண்டு எண்களைப் பெருக்கி அந்த விடை வந்தது என்பதை அது சொல்லாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் 120/80 என்று ஒரே அளவு வரும்போது, அங்கே நடந்திருப்பது ஒரே கணக்கு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படியில்லை.

செய்முறை வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு மாணவனையும் ஒரு மாணவியையும் பத்து நிமிடம் அசையாமல் படுக்க வைத்து அளவெடுப்பது எங்கள் வழக்கம். ஓராண்டு இருவருக்கும் 112/70 என்று எழுதி வைத்ததுபோல் ஒரே அளவு வந்தது. நாடித் துடிப்பு மட்டும் அவனுக்கு 60, அவளுக்கு 74. பிறகு இருவரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. மாணவனின் நாடி 72க்குப் போய் அங்கேயே நின்றது. மாணவியின் நாடி 100ஐ நெருங்கியது, உதடு வெளுத்தது, அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுத்தமானி அப்போதும் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவைத்தான் காட்டியது. வகுப்பில் பின்வரிசை மாணவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டு நான் நடத்திய பாடம்தான் இக்கடிதத்தின் சாரம். பெண்களின் இதயம் சராசரியில் சிறியது. ஒரு துடிப்பில் அது தள்ளும் ரத்தமும் குறைவு. நிற்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்தால், ஆணின் உடல் தமனிகளை இறுக்கி ஈடுகட்டுவதில் முந்துகிறது. இளம்பெண்ணின் உடல் துடிப்பைக் கூட்டி ஈடுகட்டுகிறது. நின்ற நிலையில் மயங்கி விழுவது பெண்களிடம் அதிகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நின்ற பத்து நிமிடத்துக்குள், அழுத்தம் விழாமலேயே நாடி 30க்கு மேல் கூடித் தலைசுற்றல் தரும் ஒரு நோய்நிலையும் உண்டு. அதற்கு ஆளாவோரில் மிகப் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்களில் பலர், அழுத்தம் சரியாக இருக்கிறது என்பதாலேயே, மனப்பதற்றம் என்று பெயர் சூட்டப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள்.

தமனிகளை இறுக்குவது, நம் விருப்பத்துக்குக் காத்திராமல் தானாக இயங்கும் பரிவு நரம்புகளின் வேலை. அந்த நரம்புகள் பேசுவதை நேரடியாகக் கேட்க முடியும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சுவீடனின் உப்சாலாவில் ஹாக்பார்த், வால்போ என்ற இருவர் 1960களில், தலைமுடியைவிட மெல்லிய நுனி கொண்ட டங்ஸ்டன் ஊசியைத் தங்கள் சொந்தக் கை நரம்புகளிலேயே செலுத்திப் பார்த்து இந்த முறையை உருவாக்கினார்கள். இப்போது பெரும்பாலும் முழங்காலின் வெளிப்புறத்தில், எலும்புமுனையை ஒட்டி ஓடும் நரம்பில் ஊசி இறங்குகிறது. ஒலிபெருக்கியில் இணைத்தால், இதயத்துடிப்போடு ஒட்டி, அலை மணலில் ஏறுவது போன்ற ஓசை விட்டு விட்டு வரும். நிமிடத்துக்கு இத்தனை அலை என்று எண்ணிவிடலாம்.

அப்படி எண்ணியவர்களுக்கு முதலில் ஒரு புதிர் கிடைத்தது. நலமாக இருக்கும் இளைஞர்களிடையே இந்த நரம்பலைகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடுகிறது. ஆனால் அவர்களுடைய ரத்த அழுத்தம் அதற்கேற்ப வேறுபடவில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மைக்கேல் ஜாய்னர், நிஷா சார்க்கோடியன், எம்மா ஹார்ட் ஆகியோரும் சுவீடனின் குன்னார் வாலினும் இதை அவிழ்த்தார்கள். நரம்பலை மிகுந்த இளைஞனுக்குத் தமனி எதிர்ப்பு அதிகம், அதற்கு ஈடாக இதயம் வெளியேற்றும் ரத்தம் குறைவு. நரம்பலை குறைந்தவனுக்கு நேர்மாறு. தராசின் இரு தட்டுகள்போல் ஒன்று ஏற மற்றொன்று இறங்கி, விடை மாறாமல் நிற்கிறது. அதே கணக்கை 2009இல் இளம்பெண்களிடம் போட்டுப் பார்த்தபோது அந்தத் தராசு அங்கே காணப்படவில்லை. நரம்பலை எவ்வளவு இருந்தாலும் தமனி எதிர்ப்போடு அதற்குத் தொடர்பே தென்படவில்லை. நரம்பு இறுக்கச் சொல்கிறது. தமனி அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை.

ஏன் என்பதற்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. நரம்பு முனையிலிருந்து வெளிவரும் நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருள், தமனிச் சுவரில் அதன் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஆல்ஃபா வகையைத் தொட்டால் தமனி சுருங்கும். பீட்டா ஏற்பிகளைத் தொட்டால் விரியும். இளம்பெண்களிடம் இந்த இரண்டாவது வழி வலுவாக இருப்பதால் சுருக்கமும் விரிவும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. பீட்டா ஏற்பிகளை அடைக்கும் புரோப்ரனலால் மருந்தைக் கொடுத்தவுடன், ஆண்களிடம் காணப்பட்ட அதே தொடர்பு இளம்பெண்களிடமும் தலைகாட்டியது. மாதவிடாய் நின்ற பெண்களிடமோ மருந்தே தேவைப்படவில்லை. நரம்பலை கூடினால் எதிர்ப்பும் கூடும் என்ற நிலை ஏற்கெனவே அங்கே வந்துவிட்டிருந்தது. போதாக்குறைக்கு, வயது ஏற ஏற நரம்பலைகளின் எண்ணிக்கை பெண்களிடம் ஆண்களைவிட வேகமாகக் கூடுகிறது. தமனியின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு உண்டாவதைத் தூண்டித் தமனியைத் தளர்த்தி வைத்திருந்த ஈஸ்ட்ரோஜனும் அதே ஆண்டுகளில் விலகிக்கொள்கிறது. கேட்காமலிருந்த காது திறக்கும் நேரமும், குரல் உயரும் நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

தங்கள் கட்டுரையாளர் சொன்ன கவசம் இதுதான். கவசம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அதுவரை கவலை வேண்டாம் என்ற முடிவைத்தான் மறுக்கிறேன். பருவமடையும் வயதில் ஆண்களின் அழுத்தம் பெண்களுடையதைவிட மேலேறி, நடுவயதுவரை அப்படியே இருக்கிறது. ஆகவே ஓர் இளம்பெண்ணை இளைஞனோடு ஒப்பிட்டால் எப்போதும் அவள் பாதுகாப்பாகவே தெரிவாள். அவளை அவளோடேயே ஒப்பிட வேண்டும். 2020இல் வெளியான ஓர் ஆய்வு அதைச் செய்தது. 1971 முதல் 2014 வரை நான்கு சமூக ஆய்வுகளில் அளவெடுக்கப்பட்ட ஏறத்தாழ 33,000 பேரின் பதிவுகளை அடுக்கி, ஒவ்வொரு பாலினத்தையும் அதன் இளமைக்கால அளவோடு ஒப்பிட்டபோது, ஏற்றத்தின் சரிவு பெண்களிடம்தான் செங்குத்தாக இருந்தது. அது தொடங்குவதும் ஐம்பதில் அன்று, இருபதுகளில். மாதவிடாய் நிற்கும்வரை காத்திருக்கச் சொல்வது, பாதி மலை ஏறியவரிடம் இப்போதுதான் அடிவாரத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்வதற்குச் சமம்.

எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ரத்த அழுத்தத்தை நீண்ட காலத்துக்கு நிர்ணயிக்கும் சிறுநீரகத்தில், ரெனின், ஆஞ்சியோடென்சின் என்ற வேதித்தொடர் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கச் சொல்கிறது, தமனிகளையும் இறுக்குகிறது. அதே தொடருக்குள் எதிர்த்திசையில் இழுக்கும் ஒரு கிளையும் உண்டு. அந்தக் கிளையின் இரு முக்கியப் புள்ளிகளான ஏ.சி.இ.2 நொதிக்கும் ஆஞ்சியோடென்சினின் இரண்டாம் வகை ஏற்பிக்கும் உரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அமைந்திருக்கின்றன; பெண்ணுக்கு அது இரண்டு, ஆணுக்கு ஒன்று. அப்படியானால் எக்ஸ் இரண்டு இருந்தால் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். பாலின ஹார்மோனையும் குரோமோசோமையும் பிரித்துப் பார்ப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில், இனப்பெருக்கச் சுரப்பிகளை அகற்றிவிட்டு ஆஞ்சியோடென்சினைச் செலுத்தியபோது, இரண்டு எக்ஸ் கொண்டவற்றுக்குத்தான் அழுத்தம் அதிகமாக ஏறியது. ஹார்மோன் மறைத்து வைத்திருந்த ஒரு குரோமோசோம் விளைவு அது விலகியதும் வெளியே தெரிகிறது என்று அந்த ஆய்வாளர்கள் 2010இல் எழுதினார்கள். சுண்டெலியிலிருந்து மனிதருக்கு அப்படியே தாண்டிவிடக் கூடாது. ஆனாலும் கவசம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடக் கூடிய விஷயமன்று இது என்பதற்கு இதுவே போதும்.

கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்ட கர்ப்ப காலத்துக்கு வருகிறேன். பெண்ணுடலின் அழுத்தக் கட்டுப்பாட்டுக்கு இயற்கை வைக்கும் மிகப் பெரிய தேர்வு அது. ரத்தத்தின் கொள்ளளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது, இதயம் வெளியேற்றும் ரத்தம் 30 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இருந்தும் அழுத்தம் ஏறுவதற்குப் பதில் நடுக்கர்ப்பத்தில் இறங்குகிறது. தமனிகள் அந்த அளவுக்குத் தளர்ந்துகொடுக்கின்றன. ஆஞ்சியோடென்சின் மிகுதியாக இருந்தும் கர்ப்பிணியின் தமனிகள் அதற்குச் செவி சாய்ப்பதில்லை. பின்னாளில் முன்சூல்வலிப்பு (பிரீ-எக்லாம்ப்சியா) என்ற கர்ப்பகால உயர் அழுத்த நோய்க்கு ஆளாகப்போகும், முதன்முறை கருவுற்ற பெண்களிடம் இந்தச் செவிசாய்க்காத தன்மை நோய் வெளிப்படுவதற்குப் பல வாரங்கள் முன்பே குறைந்துவிடுகிறது என்பது 1973இலேயே காட்டப்பட்டது. நோயுற்ற நஞ்சுக்கொடி ரத்தத்தில் கலக்கவிடும் ஒரு புரதம் தாயின் தமனி உட்சுவரைத் தாக்குகிறது என்பதை 2003இல் ஆனந்த் கருமாஞ்சியின் குழு பாஸ்டனில் கண்டறிந்தது. இருபதாவது வாரத்துக்குப் பிறகு அளவு 140/90ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமோ வேறு உறுப்புப் பாதிப்பின் அடையாளமோ தெரிந்தால் அது முன்சூல்வலிப்பு. பிள்ளை பிறந்தவுடன் அந்தக் கதை முடிந்துவிட்டதாகவே குடும்பங்கள் நினைக்கின்றன. முடிவதில்லை. அப்பெண்ணுக்குப் பின்னாளில் நிலையான உயர் அழுத்தம் வரும் வாய்ப்பு மூன்று, நான்கு மடங்கும், மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கும் ஆகிறது. ஐம்பது வயதுப் பெண்ணிடம், முப்பது ஆண்டுக்கு முன் கர்ப்பத்தில் உங்களுக்குப் பிரஷர் இருந்ததா என்று கேட்காமல் எழுதப்படும் மருத்துவக் குறிப்பு பாதிக் குறிப்புதான்.

மாதவிடாய் நிற்கும் பருவத்திலும் இதே கவனக்குறைவு வேறு வடிவில் வருகிறது. என் அக்காவுக்கு 51 வயதில் இரவில் வியர்வை, படபடப்பு, விடியற்காலைத் தலைவலி என்று தொடங்கியது. பார்த்த மருத்துவர் இந்த வயதில் இப்படித்தான் இருக்கும் என்று தேற்றி அனுப்பினார். பட்டையைச் சுற்றவே இல்லை. நான்கைந்து மாதம் கழித்து நான் வீட்டில் அளந்தபோது 164/98. உயர் அழுத்தத்துக்கென்று தனி அறிகுறி பெரும்பாலும் இராது என்பது உண்மை. ஆனால் சிலருக்கு இருக்கும்போது, அது மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொல்லைகளோடு ஒன்றாகக் கலந்துவிடுகிறது. இரண்டையும் பிரிக்க அரை நிமிடம் ஆகும் ஓர் அளவெடுப்பு போதும். நான் உடலியங்கியல் படித்தவள் என்பதால் அக்கா தப்பினாள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமையில்லை.

இந்த வேறுபாடுகள் பாடநூலுக்கு இவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது ஏன் என்றும் வாசகர்கள் கேட்கக் கூடும். வேடிக்கை என்னவென்றால், வரலாற்றில் முதன்முதலில் ரத்த அழுத்தம் அளக்கப்பட்டதாக நாம் கற்பிக்கும் உயிர் ஒரு பெண்குதிரை. ஸ்டீபன் ஹேல்ஸ் அதன் தொடைத் தமனியில் குழாய் செருகியபோது ரத்தம் கண்ணாடிக் குழாயில் 8 அடி 3 அங்குலம் ஏறியதாக 1733இல் வெளியிட்டார். அதன் பிறகு பெண்பாலை நாம் வெகுகாலம் மறந்துவிட்டோம். மாத்திரை கொடுத்து அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் காக்கலாம் என்று நிறுவிய அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு, 1967இல் 143 பேரையும் 1970இல் 380 பேரையும் கொண்டது. அத்தனை பேரும் ஆண்கள். இதயநோய்க் காரணிகளைப் பற்றிய மற்றொரு பெரிய ஆய்வில் இருந்த 12,866 பேரும் ஆண்களே. 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கக் கூடிய பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கி வைக்கச் சொன்னது. 1993வரை அந்த நிலை நீடித்தது. பின்னர் வந்த ஆய்வுகளில் பெண்கள் இடம்பெற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அழுத்தத்தை வழக்கத்தைவிடக் கீழே குறைத்தால் என்ன பயன் என்று பார்த்து, 2015இல் முடிவு வெளியான ஸ்பிரிண்ட் ஆய்வின் 9,361 பேரில்கூட ஏறத்தாழ 36 சதவீதம் மட்டுமே பெண்கள்.

இன்று உயர் அழுத்தத்தின் எல்லைக்கோடு 140/90 என்றாலும், சில வழிகாட்டிகள் சொல்வதுபோல் 130/80 என்றாலும், அது இருபாலருக்கும் ஒன்றே. அது சரியா என்ற கேள்வியை 2021இல் வெளியான ஓர் ஆய்வு கூர்மையாக எழுப்பியது. ஏறத்தாழ 27,000 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், மேல் அளவு 120 முதல் 129 வரை உள்ள பெண்களுக்குப் பக்கவாத அபாயம் கூடும் விகிதம், 140 முதல் 149 வரை உள்ள ஆண்களுக்குக் கூடும் விகிதத்தை ஒத்திருந்தது. மாரடைப்பிலோ வேறுபாடு இன்னும் பெரிது: பெண்களின் 110 முதல் 119 வரையான அளவு, ஆண்களின் 160க்கு மேற்பட்ட அளவோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. இந்த எண்களைப் படித்துவிட்டு யாரும் அஞ்ச வேண்டாம். இது தன் பாலினத்திலேயே 100க்குக் கீழே மேல் அளவு உள்ளவர்களோடு ஒப்பிட்ட விகிதம். இளம்பெண்களுக்கு மாரடைப்பு வரும் அடிப்படை வாய்ப்பே குறைவு என்பதால், விகிதம் பெரிதாகத் தெரிந்தாலும் நூற்றில் எத்தனை பேர் என்று பார்த்தால் எண்ணிக்கை சிறியது. எல்லைக்கோட்டை மாற்ற இது போதாது. 118 என்ற அளவு எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருகிறது என்ற நம்பிக்கையை அசைக்க இது போதும்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. ஏ.சி.இ. தடுப்பு வகை மாத்திரைகள் தரும் வறட்டு இருமல், அம்லோடிபின் தரும் கணுக்கால் வீக்கம், தயாசைடு வகை நீர் மாத்திரையால் சோடியம் குறைதல் ஆகிய மூன்றும் பெண்களிடம் அதிகம். ஏ.சி.இ. தடுப்பிகளும் அவற்றை ஒத்த சார்டான் வகையும் கருவிலிருக்கும் குழந்தைக்குக் கேடு செய்பவை. ஆகவே கருத்தரிக்க எண்ணும் பெண் தன் மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டிவிட வேண்டும், தானாக நிறுத்தவும் கூடாது.

அட்டவணையை இரண்டு பத்தியாகப் பிரித்து அச்சிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பாலினத்துக்கு ஒன்றாகப் பிரித்த எல்லைக்கோட்டை எந்தப் பெரிய மருத்துவ வழிகாட்டியும் தரவில்லை, தராததை நாமாக உண்டாக்கவும் கூடாது. அதன் கீழே, இருபதுகளில் ஒரு முறை அளந்து குறித்து வைத்த எண்ணே பின்னாளில் ஒப்பிடுவதற்கு உதவும் என்றும், கர்ப்ப காலத்தில் அழுத்தம் ஏறியிருந்தவர்கள் ஆண்டுக்கொரு முறையாவது அளந்துகொள்ள வேண்டும் என்றும் இரண்டு வரி சேர்த்தால் நன்று. அந்தக் கவச வாக்கியத்துக்கு மட்டும் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். சொற்களைத் தாங்கள் மாற்றிக்கொள்ளலாம், நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "பெண்களின் ரத்த அழுத்தம் இளமையில் ஆண்களைவிடக் குறைவாகத் தொடங்குகிறது, ஆனால் இருபதுகளிலிருந்தே வேகமாக ஏறத் தொடங்கிவிடுகிறது. மாதவிடாய் நிற்கும்வரை அளக்காமல் காத்திருக்க வேண்டாம்."

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
உடலியங்கியல் பேராசிரியை, பணி ஓய்வு